மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு மாற்று அணுமின்சாரமா?

நிலக்கரிப் புகைக்கு அணு உலை மாற்றாகாதா என்று சேலத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். புகை இல்லை என்பது உண்மைதான். ஆனால் உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளின் கதிரியக்கச் சிதைவால் வெப்பம் எழுந்துகொண்டே இருக்கும். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நிலநடுக்கம் வந்ததும் உலைகள் தாமாகவே நின்றன. எனினும் சுனாமி நீர் டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்ததால், குளிர்விக்க வழியின்றி மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. அணுக்கழிவிலுள்ள கதிரியக்கப் பொருளான புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் ஆகும். 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணைக்கு இன்னும் நூறு வயதாகவில்லை!

அணையின் புனல் மின்சாரம் காவிரியில் தண்ணீர் வரும் மாதங்களை நம்பியது. சேலத்து வெயிலின் வலிமையோ மொட்டைமாடியில் வடகம் காயவைக்கும் எவருக்கும் தெரியும். அதே மாடியின் சூரியத் தகடுகள் பகலில் தருவதை இரவுக்குச் சேமிப்பதுதான் சிக்கல். அதற்கு மின்கலங்களோடு, கோவை மாவட்டம் கடம்பாறையில் உள்ளதுபோன்ற நீரேற்று மின்நிலையங்களும் (மிகையான மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பவை) பெருக வேண்டும்.