பூண்டு, வெங்காயம், கடுகு: கார நொதிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: முழுப் பூண்டில் அவ்வளவாக வாசம் இல்லை. தட்டினால் மட்டும் வீடே மணக்கிறதே?

பதில்: முழுப் பல்லில் அந்த நெடிப்பொருள் இன்னும் உருவாகவே இல்லை. இருப்பது அல்லின் என்ற மணமில்லாத கந்தகச் சேர்மம். அதை உடைக்கும் அல்லினேஸ் நொதி வேறு செல்களில், வாக்குவோல் என்ற பைக்குள் அடைபட்டுக் கிடக்கும். பூச்சி கடித்தாலோ அம்மிக்கல் பட்டாலோ செல் சுவர் உடைந்து இரண்டும் கலக்கும். சில நொடிகளிலேயே அந்த நெடிப்பொருளான அல்லிசின் வரத் தொடங்கிவிடும். பாக்டீரியா, பூஞ்சை இரண்டையும் தாக்கக்கூடியது அது. முன்கூட்டியே செய்து வைத்தால் செடியின் சொந்தச் செல்லையும் விடாது. அதனால்தான் இந்தப் பிரிவினை. பூண்டுப் பல்லில் கரையும் புரதத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இந்த ஒரே நொதிதான்! தற்காப்புக்கு ஒரு செடி இவ்வளவு செலவழிப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கேள்வி: பூண்டுக் குழம்பில் அந்தக் காரம் எங்கே போகிறது, ஐயா?

பதில்: எங்கும் போகவில்லை அம்மா, வரவே இல்லை. முழுப் பல்லாக வதக்கும்போது அல்லினைச் சந்திக்கும் முன்பே நொதி சூட்டில் செத்துவிடுகிறது. அல்லிசின் வேண்டுமென்றால் தட்டிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு, அப்புறம் அடுப்பில் போடுங்கள்.

கேள்வி: வெங்காயத்திலும் அல்லினேஸ்தானே? பூண்டு ஏன் அழவைப்பதில்லை?

பதில்: நல்ல கேள்வி. வெங்காயத்தில் இருப்பது ஐசோஅல்லின். அல்லினேஸ் அதை உடைத்ததும் இன்னொரு நொதி குறுக்கே வந்து, விளைபொருளைக் கண்ணெரிக்கும் ஆவியாக மாற்றிவிடும். அந்த ஆவி தானாகவே உருவாகிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த இரண்டாவது நொதியைக் கண்டுபிடித்தார்கள். 2013இல் அதற்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் கிடைத்தது.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்து நறுக்கினால் கண் எரிவது குறையுமா?

பதில்: குறையும். குளிரில் நொதியும் மெதுவாகும், ஆவியும் குறைவாக எழும்.

கேள்வி: தாளித்த கடுகு காரமில்லை, ஆவக்காயில் அரைத்த கடுகு மூக்கில் ஏறுகிறது. இதுவும் அதே கதையா?

பதில்: அதே ஏற்பாடு, ஆட்கள் வேறு. கடுகில் உள்ள குளுக்கோசினோலேட் என்ற சேர்மத்தை மைரோசினேஸ் நொதி உடைக்கும். அதற்கு ஈரம் வேண்டும். சூடான எண்ணெயில் நொதி அழிந்துவிடும். பச்சையாக அரைத்து ஈரம் பட்டால் காரம் பிறக்கும்.

கேள்வி: முட்டைக்கோஸிலும் இந்த மைரோசினேஸ் நொதி உண்டாமே. பிறகு புழு எப்படித் தின்கிறது?

பதில்: வைரமுதுகுப் பூச்சியின் புழுவைத்தானே கேட்கிறீர்கள்? அதன் குடலில் ஒரு சல்ஃபடேஸ் நொதி இருக்கிறது. மைரோசினேஸ் தொடுவதற்குள் குளுக்கோசினோலேட்டிலிருந்து சல்ஃபேட்டைக் கழற்றிவிடும். அதன் பிறகு மைரோசினேஸால் அதை உடைக்க முடியாது.