அந்தி சாய்ந்தபின் அயனிமண்டலம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சூரியன் மறைந்தால் அயனிமண்டலம் (வெயிலால் காற்று அயனியாகும் மேல்வானப் பகுதி) அடங்கத்தானே வேண்டும்? பிறகு ஏன் திருநெல்வேலி வானில் அப்போது கொந்தளிப்பு தொடங்குகிறது?

பதில்: 100–120 கி.மீ. உயரத்து ஈ அடுக்கு, வெயில் போனதும் விரைவில் மெலிந்துவிடும். 250 கி.மீ.க்கு மேலுள்ள எஃப் அடுக்கு இரவிலும் தாக்குப்பிடிக்கும். எஃப் அடுக்கில் காற்று உண்டாக்கும் மின்புலத்தைப் பகலெல்லாம் ஈ அடுக்கு வடித்துவிடுகிறது. அந்தியில் அந்த வடிகால் அடைபடுவதால், கிழக்கு நோக்கிய மின்புலம் ஒருமுறை எகிறிவிட்டுத்தான் மேற்கே திரும்புகிறது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய இந்தியாவின் தென்முனையில் காந்தக் கோடுகள் கிடையாகக் கிடப்பதால், அந்த மின்புலம் பிளாஸ்மாவை (அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்த வாயுவை) நேரே மேலே தூக்குகிறது. சூரியச் சுழற்சியின் உச்ச ஆண்டுகளில் விநாடிக்கு 40–50 மீட்டர் வேகம் சகஜம். கீழே ஈ அடுக்கு இல்லை, மேலே அடர்ந்த எஃப் அடுக்கு: எண்ணெய்மேல் தண்ணீர் நிற்கும் கதைதான். எங்காவது ஒரு நெளிவு விழுந்தால் அடர்த்தி குறைந்த குமிழி மேலே கிளம்பிவிடும்.

கேள்வி: அந்த நெளிவைத் தருவது ஈர்ப்பலை என்கிறார்கள். அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் கண்டுபிடித்ததும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. பெயர்க் குழப்பம்தான். லைகோ 2015இல் பதிவுசெய்தது காலவெளியின் அதிர்வு. இது வெறும் காற்றலை. இடிமேகம் மேலே முட்டும்போது தள்ளப்பட்ட காற்று, எடையால் கீழிறங்கி, மிதப்பால் மேலேறி ஊசலாடுகிறது. மேலே போகப்போகக் காற்றின் அடர்த்தி குறைவதால் அலையின் வீச்சு பெருகும். நடுவில் சிதையாவிட்டால், தரையருகே விநாடிக்கு 1 செ.மீ. வீச்சு 100 கி.மீ. உயரத்தில் சுமார் 10 மீட்டராகிவிடும். ஆனால் பெரும்பாலானவை 80–100 கி.மீ.யிலேயே உடைந்துபோகும். அலையின் வேகமும் வழியிலுள்ள காற்றின் வேகமும் ஒன்றானாலும் அங்கேயே உறிஞ்சப்படும்.

கேள்வி: பங்குனியில் ஒருநாள் குமிழி வருகிறது, மறுநாள் இல்லை. சூரியன் அதே சூரியன்தானே?

பதில்: இத்துறையின் தலைவலியே இதுதான். பருவத்தைச் சொல்வது எளிது: நம் தீர்க்கரேகையில் மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபரில் அந்திக்கோடு (பகலையும் இரவையும் பிரிக்கும் எல்லை) காந்தக் கோடுகளுக்கு இணையாக வருவதால், இரு அரைக்கோளத்து ஈ அடுக்குகளும் ஒரே நேரத்தில் இருட்டுகின்றன, தூக்கல் வலுக்கிறது. நாளுக்கு நாள் மாறுவதுதான் பிடிபடுவதில்லை.

கணக்காகப் பார்ப்போம். நெளிவு 15 நிமிடத்துக்கு ஒருமுறை 2.7 மடங்காக வளர்கிறது என்று வையுங்கள். சாதகமான நேரம் ஒரு மணி என்றால் மொத்த வளர்ச்சி சுமார் 55 மடங்கு. அலை 1 சதவீத நெளிவு தந்திருந்தால் குமிழி உறுதி, 0.01 சதவீதம் என்றால் பொழுது வீண். அடுக்கு 50–60 கி.மீ. கூடுதலாக உயர்ந்தால் காற்றணுக்களுடன் மோதல் மூன்றில் ஒரு பங்காகி, வளர்ச்சி வேகம் கூடும். அப்போது சிறு நெளிவே போதும். அலையை மட்டும் காரணமாக்குகிறவர்களும், உயரத்தை மட்டும் பார்க்கிறவர்களும் பாதிதான் சொல்கிறார்கள்.

கேள்வி: அயனோசோண்ட் (வானொலி அலையை மேலே அனுப்பி அடுக்கின் உயரத்தை அளக்கும் கருவி) தரவில் ஈர்ப்பலையைத் தேடுகிறேன் (முதுகலை மாணவி). எங்கே கவனம் வேண்டும்?

பதில்: முதலில் பதிவு இடைவெளியைப் பாருங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் 30 நிமிடத்துக்குக் குறைந்த அலைநேரம் (ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) கண்ணில் படாது, போலி நீளலையாகவும் தோன்றும். 5 நிமிடப் பதிவு தேவை. மாலை 4 மணியிலிருந்தே நான்கைந்து அதிர்வெண்கள் எதிரொலிக்கும் உயரத்தை வரைந்து பாருங்கள். மேல் உயரத்தில் முகடு முதலிலும், கீழே பின்னரும் வந்தால் ஆற்றல் மேலே ஏறுகிறது என்று பொருள். ஈர்ப்பலையின் கையொப்பம் இது. எல்லா உயரமும் ஒரே நேரத்தில் ஆடினால் மின்புலத்தைச் சந்தேகியுங்கள்.

பலர் சறுக்கும் இடம்: அடுக்கின் அடிமட்டம் 300 கி.மீ.க்குக் கீழே இருக்கும்போது, அது உயர்வதை அப்படியே மேல்நோக்கு வேகமாக எடுத்துவிடுவது. அங்கே அயனிகள் மறுசேர்க்கையால் (எலெக்ட்ரானோடு மீண்டும் சேர்ந்து) அழிவதாலும் விளிம்பு மேலே போவதுபோல் தெரியும். அதைக் கழித்துவிட்டே வேகத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: வடதுருவ அடுக்குமண்டலம் (சுமார் 10–50 கி.மீ. உயரப் பகுதி) திடீரென வெப்பமானால் நமக்கென்ன?

பதில்: அரைநாள் காற்றலைகள் (12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறியிறங்கும் வளிமண்டல அலைகள்) மாறும், அவற்றோடு நடுக்கோட்டு மின்புலமும். அப்படி வெப்பமான 2009 ஜனவரியில் பெருவின் ஹிக்கமார்க்கா ரேடாரில் காலையில் மேல்நோக்கும் பிற்பகலில் கீழ்நோக்கும் ஓட்டம் தெளிவாகப் பதிவானது.

கேள்வி: கொல்கத்தாவில் நில அளவை வேலை. இரவு 8 மணிக்கு ஆர்டிகே (தள நிலையத்தின் உதவியோடு செ.மீ. துல்லியம் தரும் ஜிபிஎஸ் முறை) ‘ஃபிக்ஸ்’ (துல்லிய நிலை) போய் ‘ஃப்ளோட்’ (துல்லியம் குறைந்த நிலை) வருகிறது. கருவி பழுதா?

பதில்: மார்ச் அல்லது அக்டோபர் என்றால் கருவியைக் குறைசொல்லாதீர்கள். குமிழி பிறப்பது தெற்கே. ஆனால் நடுக்கோட்டுக்கு மேல் 800–1000 கி.மீ. வரை ஏறினால், காந்தக் கோடு வழியே உங்கள் தலைக்கு மேல் வந்து நிற்கும். அங்கேதான் எலெக்ட்ரான் அடர்த்தியும் உச்சம். அதனால் தென்முனையைவிட உங்களுக்கே ஜிபிஎஸ் சிமிட்டல் (சமிக்ஞை விட்டுவிட்டு வலுப்பதும் மங்குவதும்) அதிகம். இரட்டை அதிர்வெண் கருவி தாமதத்தைத் திருத்தும், சிமிட்டலைத் திருத்தாது. ஜிபிஎஸ் அதிர்வெண்களில் எல்1ஐவிட எல்2, எல்5 கூடுதலாக அடிவாங்கும். தள நிலையத்தைப் பக்கத்தில் வைத்தாலும் தப்ப முடியாது. கிளோனாஸ், கலிலியோ போன்ற மற்ற செயற்கைக்கோள் தொகுதிகள் எல்லாவற்றையும் இயக்கிவையுங்கள். குமிழி வானத்தின் ஒரு பகுதியைத்தான் மறைக்கும். முக்கியப் புள்ளிகளை மாலை 6 மணிக்குள் முடியுங்கள். முடியாவிட்டால் நள்ளிரவு தாண்டி மறுபடி அளந்து ஒப்பிடுங்கள்.