வலிப்பு மாத்திரைக்கும் பாக்டீரியா தொற்றுக்கும் தொடர்பு உண்டா?

அப்பா பல வருடமாக வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறார், நிமோனியா என்று மருத்துவமனையில் சேர்த்தோம், அங்கே ஊசி போட ஆரம்பித்த பிறகு நின்றுபோயிருந்த ஃபிட்ஸ் திரும்ப வந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் அந்த மாத்திரைதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். என் தம்பிக்குப் பள்ளிக்கூட வயதிலிருந்தே வலிப்பு மருந்து ஓடுகிறது. அவனைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மாத்திரையே தொற்றைக் கொண்டுவருவது அபூர்வம். கார்பமசெபைன் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரை சிலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைக்கும். பெரும்பாலும் லேசாகத்தான் குறையும், மிக அரிதாக ஆபத்தான அளவுக்குப் போகும். அதனால் அதைச் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் மூன்றும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். இன்னொன்று, வலிப்பு வரும் நேரத்தில் எச்சிலோ சாப்பாடோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா ஆவதும் உண்டு. அப்போது காரணம் மாத்திரை இல்லை, வலிப்புதான்.

உங்கள் அப்பா விஷயத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது, என்ன ஊசி போட்டார்கள் என்பதை. மெரோபெனெம், இமிபெனெம், எர்டாபெனெம் என்று கடுமையான தொற்றுக்குப் போடுகிற ஆன்டிபயாடிக் வகை ஒன்று இருக்கிறது. அது ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவை ஒன்றிரண்டு நாளிலேயே பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடும். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தாலும் பெரிதாக ஏறாது. அதனால் வேறு ஆன்டிபயாடிக் போட முடியுமா என்று பார்ப்பார்கள். முடியாவிட்டால் அந்த நாட்களுக்கு வேறொரு வலிப்பு மருந்தைச் சேர்ப்பார்கள். ஊசியை நிறுத்திய பிறகும் பழைய அளவு திரும்ப ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஊசியின் பெயர் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அந்த வகை இல்லையென்றால், காய்ச்சலே வலிப்பைத் தூண்டியிருக்கலாம், வாந்தியில் மாத்திரை வெளியே போயிருக்கலாம்.

என் தம்பிக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். அவனுக்குக் கார்பமசெபைன். தொண்டையில் சீழ் வைத்ததற்குத் தெருமுனை கிளினிக்கில் கிளாரித்ரோமைசின் எழுதிக் கொடுத்தார்கள். ரெண்டு மூணு நாளில், "அக்கா, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது" என்றான். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிவறைக்குப் போனான். குடித்திருக்கிறானோ என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. அந்த ஆன்டிபயாடிக் கார்பமசெபைனை உடம்பிலிருந்து வெளியேற விடாமல் தேக்கிவிட்டது. எரித்ரோமைசினும் அப்படித்தான். ஆன்டிபயாடிக்கை மாற்றியதும் தெளிந்துவிட்டான்.

நம் பக்கத்தில் மழை வந்து வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று தண்ணீர் தேங்கினால் எலிக்காய்ச்சல் பயம் வரும், டாக்ஸிசைக்ளின் எழுதுவார்கள். கார்பமசெபைன், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிடோன் ஆகிய வலிப்பு மருந்துகளைச் சாப்பிடுபவர் உடம்பில் அந்த ஆன்டிபயாடிக் சீக்கிரமே தீர்ந்துவிடும். காசநோய் மருந்து ஆரம்பிக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: ஐசோனியசிட் ஃபெனிடாயின் அளவை ஏற்றும், ரிஃபாம்பிசின் இறக்கும். சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் போன்றவை தாங்களே வலிப்பைத் தூண்டக்கூடியவை. யூரின் இன்ஃபெக்‌ஷன் என்றதும் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறோமே, அந்த மாத்திரைகள்தான் இவை. தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள்.

எந்த மருத்துவரிடம் போனாலும் வாய் திறந்ததும் வலிப்பு மாத்திரையின் பெயரையும் மில்லிகிராமையும் சொல்லிவிடுங்கள். தம்பியின் மாத்திரை அட்டையைப் படம் எடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வைத்திருக்கிறோம். அப்புறம், தொற்று வந்துவிட்டதே என்ற பயத்தில் அப்பாவுக்கு வால்ப்ரோயேட்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சம்மரியை எடுத்துக்கொண்டு இந்த வாரமே நரம்பியல் ஓ.பி.க்குப் போய், ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் நரம்பியல் பிரிவு இருக்கிறது.