டீச்சரிடம் கேளுங்கள்: அர்த்தம் தெரியுது, பேச்சு வரலையே!

(காரைக்குடிப் பக்கம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: டீச்சர், ஓட்டலாக மாற்றிய ஒரு பழைய செட்டியார் வீட்டில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவதும் என் வேலைதான். படித்தது ப்ளஸ் டூ வரை, தமிழ் மீடியம். தினமும் பத்து வார்த்தை ஆங்கிலம்–தமிழ் அகராதியிலிருந்து மனப்பாடம் செய்கிறேன். அர்த்தம் கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவேன். ஆள் முன்னால் வந்து நின்றால் ஒரு வாக்கியம் வரமாட்டேன் என்கிறது.
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: மனப்பாடம் செய்தது வீண் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை எதோடு சேர்ந்து வரும் என்கிற விவரம் தமிழ் அர்த்தத்தில் கிடைக்காது. அதற்கு உதாரண வாக்கியத்தைத்தான் பார்க்க வேண்டும்.

‘எக்ஸ்ப்ளெய்ன்’ என்றால் விளக்குவது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும், கைடு வேலை பார்க்கிற நிறையப் பேர் ‘ஐ வில் எக்ஸ்ப்ளெய்ன் யூ’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எந்த நல்ல அகராதியிலும் அந்தச் சொல்லுக்குக் கீழே இருக்கிற வாக்கியங்களைப் பாருங்கள். ஆளுக்கு முன்னால் ஒரு ‘டு’ உட்கார்ந்திருக்கும். ‘ஐ வில் எக்ஸ்ப்ளெய்ன் இட் டு யூ.’ ‘டிஸ்கஸ்’ இதற்கு நேர் எதிர். ‘அதைப் பற்றி’ என்று நாம் தமிழில் சொல்லிப் பழகியதால் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று ஒரு ‘அபவுட்’டைச் சேர்த்துவிடுகிறோம். உதாரண வாக்கியங்களில் அது இருக்காது. ‘வீ டிஸ்கஸ்ட் த ப்ளான்’, அவ்வளவுதான்.

அப்புறம், அகராதி தருகிற விளக்கம். நீங்கள் தினமும் மிதிக்கிற ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்வோம். அது எப்படிச் செய்வது என்று கேட்காத விருந்தாளி இருக்கமாட்டார். கண்ணாடித் தகட்டின் மேல் பூ அச்சை வைக்கிறார்கள். கரைத்த கலர் சிமென்ட்டை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுகிறார்கள். அச்சை மெல்ல எடுக்கிறார்கள். மேலே சிமென்ட்டும் மணலும் கலந்த உலர்ந்த தூளைத் தூவி, அதன் மேல் கலவையைப் போட்டு மட்டம் செய்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டுக் காயவைக்கிறார்கள். கண்ணாடியில் படிந்த பக்கம்தான் பளபளப்பு.

இதைச் சொல்ல உங்களுக்கு வேண்டியது நாலைந்து வினைச்சொல்தான். அவற்றைக் குழப்பாமல் இருக்க விளக்கத்தைப் படிக்க வேண்டும். ‘போர்’ என்றால் நாமாகப் பார்த்து ஊற்றுவது. ‘ஸ்பில்’ என்றால் கை தவறிச் சிந்துவது. ‘தே ஸ்பில் த கலர்’ என்று நீங்கள் சொன்னால் ஆத்தங்குடித் தொழிலாளி கோபித்துக்கொள்வார். ‘வெட்’ என்றால் வெறுமனே நனைப்பது, ‘சோக்’ என்றால் முழுக ஊறவிடுவது. ‘ஸ்ப்ரிங்க்கிள்’ தூவுவது.

இன்று ராத்திரி இந்தச் சொற்களை விளக்கத்தோடு படியுங்கள். அகராதி கொடுத்த வாக்கியத்தை ஒருமுறை எழுதுங்கள். அதே அமைப்பில் உங்கள் ஓட்டலை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘தே போர் த கலர் இண்டு த மோல்ட்.’ ‘தே சோக் த டைல் இன் வாட்டர்.’ நாளைக் காலை முகப்பில் நிற்கிற முதல் விருந்தாளியிடம் சொல்லிப் பாருங்கள். தினம் பத்து வேண்டாம், மூன்று போதும்.

கேள்வி: ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி வாங்கினேன். ஒரு சொல்லுக்கு விளக்கம் பார்த்தால் அதில் தெரியாத சொல் மூன்று. அதைத் தேடினால் இன்னும் நான்கு. செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறேன்.
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: தம்பி, அட்டையில் ‘லேர்னர்ஸ்’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் வாங்கியது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கு. அவர்கள் அகராதியில் எளிமை ஒரு கட்டாயம் இல்லை. 1755-இல் சாமுவேல் ஜான்சன் போட்ட புகழ்பெற்ற அகராதியில், வலைப்பின்னலைக் குறிக்கும் ‘நெட்வொர்க்’ என்ற சொல்லுக்கு ‘ரெட்டிகுலேட்டட்’, ‘டெக்கஸேட்டட்’ என்றெல்லாம் விளக்கம். வலையே தேவலாம்!

இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் நம் பக்கத்தில் பாடம் நடத்தியவர்தான். மைக்கேல் வெஸ்ட், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதை நேரில் பார்த்தவர். இன்னொருவரோடு சேர்ந்து அவர் 1935-இல் வெளியிட்ட அகராதியில், 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் வெறும் 1,490 சொற்களை வைத்தே விளக்கம் எழுதியிருந்தது. ஜப்பானில் பாடம் நடத்திய ஹார்ன்பியின் அகராதி 1942-இல் டோக்கியோவில் வந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துப் போட்டது. இன்று கடைகளில் கிடைக்கிற ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வாரிசு. 1978-இல் லாங்மன் பதிப்பகம் தன் அகராதியின் விளக்கங்களைச் சுமார் 2,000 சொற்களுக்குள் அடக்கியது. ஆக, அந்த 2,000 தெரிந்தால் போதும், மாடு சுற்றுவது நிற்கும்.

எனக்குப் பிடித்தது 1987-இல் வந்த கோபில்ட் அகராதி. அதில் விளக்கமே முழு வாக்கியமாக வரும், ‘நீங்கள் ஒருவரிடம் ஒன்றை லெண்ட் செய்தால், அவர் அதைக் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ள விடுகிறீர்கள்’ என்கிற தினுசில். யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று படிக்கும்போதே தெரிந்துவிடும். ‘பாரோ’, ‘லெண்ட்’ இரண்டுக்கும் எதிரே ‘கடன்’ என்று எழுதிப் படித்த பிள்ளைகள் ‘கேன் யூ பாரோ மீ எ பென்?’ என்று கேட்கும். பர்மா வரை போய் வட்டித் தொழில் பார்த்த சீமையில், கொடுத்தவரும் வாங்கியவரும் இடம் மாறினால் பேரேடு என்னாவது?

கேள்வி: எனக்கு அறுபத்தெட்டு வயது. அமெரிக்காவிலிருந்து மகன் வீட்டுப் பேரன் லீவுக்கு வருகிறான். ‘வாட் இஸ் திஸ், அப்பத்தா?’ என்று கண்ணில் பட்டதையெல்லாம் கேட்பான். நம்ம வீட்டுச் சாமானுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பேர் இருக்கிறதா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: பலதுக்கு இல்லை ஆச்சி, தேடாதீர்கள். அகராதி செய்கிற வேலையை நீங்களே செய்யுங்கள். பேரைத் தமிழிலேயே சொல்லிவிட்டு, அது என்ன, எதில் செய்தது, எதற்கு ஆகும் என்று மூன்று துண்டு. ‘கொட்டான் இஸ் எ ஸ்மால் பாஸ்கெட். இட் இஸ் மேட் ஆஃப் பாம் லீவ்ஸ். இட் இஸ் யூஸ்டு ஃபார் கிஃப்ட்ஸ்.’ வெள்ளைப் பணியாரமா? ‘இட் இஸ் எ கைண்ட் ஆஃப் ஸ்நாக். இட் இஸ் மேட் ஃப்ரம் ரைஸ் அண்ட் டால்.’ கொட்டானுக்கு ‘ஆஃப்’, பணியாரத்துக்கு ‘ஃப்ரம்’ என்று எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா? ஓலை ஓலையாகவே கண்ணுக்குத் தெரிகிறது. அரிசியும் உளுந்தும் ஊறி, அரைபட்டு, எண்ணெயில் வெந்து உருமாறிவிட்டன. பேரன் முன்னால் மாற்றிச் சொன்னாலும் பாதகமில்லை, அவன் பணியாரத்தைத்தான் கவனிப்பான்.

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கிற மகனுக்கு, ஒவ்வொரு சொல்லின் விளக்கத்தையும் ஐந்து தடவை எழுதிவரச் சொல்கிறார்கள். பலன் உண்டா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: கையெழுத்துக்கு உண்டு. ஐந்தாவது தடவைக்குப் பதிலாகச் சொந்த வாக்கியம் ஒன்று எழுத அனுமதிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகளின் டியூஷன் மாஸ்டர், தமிழ் அர்த்தத்தைத் திரும்பியே பார்க்கக் கூடாது என்கிறார். சரியா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: வினைச்சொல்லுக்குச் சரி, குணத்தைச் சொல்லும் சொல்லுக்கும் பெரும்பாலும் சரி. கத்தரிக்காய்க்கு எதற்கு? ‘ஊதா நிறத்தில், வழவழப்பான தோலோடு’ என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி படித்து, கடைசியில் ‘அட, இதுதானா’ என்று முழிப்பதைவிடத் தமிழில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம். காய், மரம், மீன், பறவை எல்லாவற்றுக்கும் அப்படித்தான். ஆனால் சொல்லுக்குப் பக்கத்தில் எந்த நாட்டு வழக்கு என்று ஒரு குறிப்பு இருந்தால் அதை விடாமல் பார்க்கச் சொல்லுங்கள். நாம் ‘பிரிஞ்சால்’ என்பதை பிரிட்டனில் ‘ஓபர்ஜீன்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘எக்ப்ளாண்ட்’ என்பார்கள். மேலே கேள்வி கேட்ட கானாடுகாத்தான் வாசகியும் இதைக் குறித்துக்கொள்ளலாம். மெனு கார்டில் எண்ணெய்க் கத்தரிக்காய் இருந்தால் மூன்றையும் அச்சடித்துவிடச் சொல்லுங்கள், சப்ளையருக்கு வேலை மிச்சம்.