நண்பர்களுக்குப் பாட்டு அனுப்பினால் வழக்கு வருமா?

கேள்வி: நான் காட்பாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். இளமையில் சேர்த்த இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் இன்னும் என்னிடம் உள்ளன. கல்லூரி நண்பர்கள் பதினான்கு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவில் சனிக்கிழமைதோறும் எனக்குப் பிடித்த பாடல்களை அனுப்புவேன். ஒரு வாரம் பீட்டில்ஸ், ஒரு வாரம் இத்தாலிய ஓபரா, ஒரு வாரம் இளையராஜா. சென்ற மாதம் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, உரிமம் இல்லாமல் பாடல் பரிமாறுவது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்றும், ஆண்டுக்கு ரூ.4,800 கட்டினால் லைசன்ஸ் தருவதாகவும் சொன்னார். பயந்துபோய் நண்பர்கள் இருவர் குழுவைவிட்டு விலகிவிட்டனர். ஓபரா எழுதியவர்கள் எப்போதோ இறந்துவிட்டதால் அதற்கு மட்டும் உரிமைப் பிரச்சினை இல்லை என்கிறார் இன்னொரு நண்பர். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதல் வேலையாக, அந்த மனிதருக்கு ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் இந்தப் பத்தியை முடிக்கும்வரைகூடக் காத்திராமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் கைமாறிய முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் அதை இடைவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. நண்பர்களுக்குப் பாட்டு அனுப்பும் தனிநபருக்கென்று ஆண்டுக் கட்டண லைசன்ஸ் எதுவும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கிடையாது. (பலரும் இதைக் காப்புரிமை என்று எழுதுகிறார்கள். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கு உரியது. உங்களை அழைத்தவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று பந்தயம் கட்டுவேன்.)

அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை கலந்திருப்பதுதான் இத்தகைய ஏமாற்றின் பலம். பதிப்புரிமையைத் தெரிந்தே மீறுவோருக்கு, அச்சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். இக்குற்றத்தில் பிடியாணை இன்றியே காவல்துறை கைது செய்யலாம் என்றும், இது ஜாமீனில் விடத்தகாதது என்றும் 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் தலைப்பை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு ஊர் ஊராக மிரட்டுபவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஆனால் வணிக ஆதாயம் கருதாமல் செய்த மீறலுக்கு இந்தக் குறைந்தபட்சத் தண்டனையையும் நீதிமன்றம் குறைக்கலாம் என்று அதே பிரிவு சொல்வதை அவர்கள் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். இத்தனை ஆண்டுகளாக வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் நான் பார்த்த பதிப்புரிமை வழக்குகள், கடை வைத்து விற்றவர்கள்மீதும் பெட்டி பெட்டியாகப் போலி அச்சடித்தவர்கள்மீதும் போட்டவையே. நண்பருக்குப் பாட்டு அனுப்பிய ஓய்வூதியர் ஒருவரையும் அங்கே நான் கூண்டில் கண்டதில்லை.

இனி உங்கள் சனிக்கிழமைக்கு வருவோம். நீங்கள் அனுப்புவது இணைப்பா, கோப்பா என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. யூடியூபிலோ ஸ்பாட்டிஃபையிலோ உரிமையாளரே ஏற்றியுள்ள பாடலின் இணைப்பை நீங்கள் அனுப்பினால், நண்பர் அதைத் தொட்டு அங்கே போய்க் கேட்கிறார். நீங்கள் பிரதி எதுவும் எடுக்கவில்லை, உரிமையாளருக்குச் சேர வேண்டியதும் அந்த நிறுவனத்தின் வழியாகச் சேர்ந்துவிடுகிறது. கல்யாண மண்டபத்துக்கு வழி சொன்னவனிடம் சாப்பாட்டுச் செலவைக் கேட்பார் உண்டா? இணைப்பு அந்த நிறுவனத்தின் சொந்த அலைவரிசையிலோ கலைஞரின் அலைவரிசையிலோ இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஐம்பது பாடல்களை ஒரே பிளேலிஸ்டாகத் தொகுத்து அதன் இணைப்பையே அனுப்பிவிட்டால், வாரந்தோறும் தேடும் வேலையும் மிச்சம்.

கோப்பு வேறு. உங்கள் ஒலிநாடாவை நீங்கள் கேட்பதற்காகக் கணினியில் மாற்றி வைத்துக்கொள்வதைச் சொந்தப் பயன்பாடு என்று 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. வேலூர் வெயிலில் ஒட்டிப்போன நாடாவைப் பென்சில் செருகிச் சுற்றிச் சுற்றி மீட்டவர்களுக்கு இந்தச் சலுகையின் அருமை தெரியும். அந்தக் கோப்பைப் பதினான்கு பேருக்கு அனுப்பும்போது அது சொந்தப் பயன்பாடாகவே இருக்கிறதா, அல்லது பொதுமக்களுக்குக் கொண்டுசெல்வதாக மாறிவிடுகிறதா? சட்டத்தில் எண்ணிக்கை எதுவும் இல்லை. 1957இல் எழுதிய சட்டத்தை 2012இல் இணையத்தை முன்னிட்டே விரிவாகத் திருத்தியவர்கள், ஒரு குடிமகன் தன் சிநேகிதர்களுக்கு ஒரு பாட்டை அனுப்பலாமா கூடாதா என்ற எளிய கேள்விக்கு ஒரு வரி எழுதாமல் விட்டார்கள். பதிப்புரிமைத் தகராறுகளுக்கென்று இருந்த வாரியத்தை 2017இல் ஒரு மேல்முறையீட்டு வாரியத்தோடு இணைத்து, 2021இல் அதையும் கலைத்து, வேலையை நீதிமன்றங்களிடம் ஒப்படைக்க மட்டும் நேரம் இருந்தது. எனவே நான் சொல்வது எச்சரிக்கையான பக்கம்தான்: உரிமை இன்னும் தீராத பாடலைக் கோப்பாக அனுப்பாதீர்கள். ஒரே நண்பருக்கு எப்போதோ ஒரு பாட்டை அனுப்பியதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் யார் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத, ஆயிரக்கணக்கானோர் சேரும் டெலிகிராம் அலைவரிசையில் ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

வேலூர் லாங்கு பஜாரில் அந்நாளில், தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தால் 60 நிமிட நாடாவில் பதிந்து, உறைமீது சிவப்பு மையால் வரிசையெண் போட்டுத் தரும் கடைகள் இருந்தன. நானும் கொடுத்து வாங்கியவன்தான். அதுவும் சட்டவிரோதமே. பிறகு அதே கடைகளின் வாசலில் எம்பி3 சிடி தொங்கியது; அதன்பின் ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்ற அட்டை தொங்கியது. அப்போது யாரும் கேட்கவில்லையே என்று நண்பர்கள் வாதிடுவார்கள். கேட்காததும் அனுமதித்ததும் ஒன்றல்ல.

ஓபரா பற்றி உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. இந்த ஓரிடத்தில் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள், ஏனெனில் படித்தவர்களே அதிகம் தவறுவது இங்கேதான். ஒரு பாட்டில் உரிமை மூன்று அடுக்காக இருக்கிறது: இசையமைத்தவருடையது, வரிகளை எழுதியவருடையது, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவினுடையது. முதல் இரண்டும் படைத்தவரின் ஆயுளோடு மேலும் 60 ஆண்டுகள் இருக்கும். ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டுகள் இருக்கும். இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் வெர்டி 1901இல் மறைந்தார். அவர் இசைக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது. புச்சினி 1924இல் ‘துராந்தோத்’ ஓபராவை முடிக்காமலே இறந்தார். மிச்சத்தை முடித்துக் கொடுத்த பிராங்கோ அல்ஃபானோ 1954இல் இறந்தார். ஆகவே புச்சினி எழுதிய பகுதிக்கு நம் நாட்டில் உரிமை பல ஆண்டுகள் முன்பே முடிந்திருக்க, அல்ஃபானோ சேர்த்த கடைசிப் பகுதிக்கு மட்டும் 2014ஆம் ஆண்டு இறுதிவரை உரிமை இருந்தது. ஒரே ஓபராவின் முன்பாதி சுதந்திரம், பின்பகுதி அடிமை என்று பல ஆண்டுகள் கழிந்தன. இப்போது இரண்டும் விடுபட்டுவிட்டன. ஆனால் அதே ஓபராவை நம் மும்பைக்காரர் சுபின் மேத்தா இசைநடத்த, பாவரொட்டி பாடி 1972இல் பதிவான இசைத்தட்டு உங்களிடம் இருந்தால், அந்தத் தட்டின் உரிமை 2030களுக்கு முன் தீராது. அதை அனுப்ப முடியாது. இணைப்பாக மட்டும் அனுப்பலாம். 1921இல் மறைந்த பாடகர் கரூசோ தன் வாழ்நாளில் வெளியிட்ட வெர்டி பாட்டுத் தட்டு உங்கள் பரணில் கிடந்தால், அதைத் தூசி தட்டி, ஓட்டி, பதிந்து, ஊருக்கே அனுப்புங்கள். அதே கரூசோவை இன்று ஒரு நிறுவனம் இரைச்சல் நீக்கி வெளியிட்டிருந்தால் அந்தக் கோப்பைத் தொடாதீர்கள், வீண் வாதம்.

நமக்குப் பழகிய உதாரணம் சொன்னால் இன்னும் விளங்கும். தியாகராஜர் 1847இல் மறைந்தார். அவர் கீர்த்தனையை உங்கள் வீட்டு ஊஞ்சலில் அமர்ந்து நீங்களே பாடிப் பதிந்து அனுப்பினால் கேட்பார் இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி 1970களில் வெளிவந்த இசைத்தட்டை அப்படி அனுப்ப முடியாது.

பீட்டில்ஸ் கதை இதற்கு நேர் எதிர். 1965இல் வெளியான அவர்களின் தட்டு, ஒலிப்பதிவு என்ற அளவில், இந்தியாவில் 2025 டிசம்பர் 31 வரை மட்டுமே உரிமைக்கு உட்பட்டது. ஆனால் அதிலுள்ள பாடல்களை அக்குழுவின் லெனனும் மெக்கார்ட்னியும் சேர்ந்து எழுதியிருந்தால், இருவரில் கடைசியாக இறப்பவரைக் கொண்டே 60 ஆண்டு கணக்காகும். லெனன் 1980இல் இறந்துவிட்டாலும், மெக்கார்ட்னி உயிரோடு இருப்பதால் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. ராக் இசை முழுவதற்கும் பெரும்பாலும் இதே கதிதான். இளையராஜா பாடல்களில் உரிமை இசையமைப்பாளருக்கா, தயாரிப்பாளருக்கா, கேசட் நிறுவனத்துக்கா என்பது நீதிமன்றங்களின் தலைவலி. அது யாரோ ஒருவருக்கு உண்டு, உங்களுக்கு இல்லை என்பது தெரிந்தால் உங்களுக்குப் போதும்.

மீண்டும் இடைத்தரகர்களிடம் வருகிறேன், ஏனெனில் உங்கள் உண்மையான ஆபத்து அவர்களே. சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகள் திருமணத்தில், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் மண்டபத்துக்குள் வந்து, பாட்டு ஒலிப்பதற்கு லைசன்ஸ் எங்கே என்று கேட்டிருக்கிறார். தாலி கட்டும் நேரத்தில் வம்பு வேண்டாம் என்று என் மைத்துனர் ரூ.6,000 எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் முன் வரிசையில் அட்சதையோடு உட்கார்ந்திருந்தேன்; என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அந்த ரசீதைப் பார்த்தால், பணம் பெற்றவர் யார், எந்தப் பாடலுக்கு, எந்த உரிமையாளர் சார்பில் என்ற மூன்றும் இல்லை. திருமணத்திலும் அதையொட்டிய ஊர்வலத்திலும் விழாக்களிலும் பாடல் ஒலிப்பது மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவின் ‘இசட்ஏ’ உட்பிரிவு விளக்கமாகவே சொல்கிறது. மத்திய அரசும் 2023 ஜூலையில் இதை வலியுறுத்திப் பொது அறிவிப்பு வெளியிட்டது. அந்த அறிவிப்பைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு மண்டபத்து வாசலிலும் ஒட்டச் சொல்ல ஒரு அதிகாரிக்கும் தோன்றவில்லை.

யூடியூபில் நீங்கள் உங்கள் தட்டுகளை ஏற்றி, அதற்கு உரிமைக் கோரிக்கை வந்தபின், ‘ஸ்ட்ரைக் எடுத்துத் தருகிறோம்’ (மீறலுக்காக அந்நிறுவனம் கணக்கின்மேல் போடும் எச்சரிக்கைதான் ஸ்ட்ரைக்) என்று பணம் கேட்பவர்களும் இதே இனம். மறுப்பு அனுப்புவதற்கு அந்நிறுவனத்திடம் கட்டணம் கிடையாது. உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு மறைந்தவர்களை நான் அறிவேன்.

அந்த எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்தப் பாடலின் எந்த உரிமையாளர் சார்பில் பேசுகிறீர்கள், 33ஏ பிரிவின்படி வெளியிட்டிருக்க வேண்டிய கட்டணப் பட்டியல் எங்கே இருக்கிறது? உரிமையாளர்களுக்காகக் கட்டணம் வசூலிக்கப் பதிவு பெற்ற சங்கம் என்றால் இரண்டுக்கும் எழுத்தில் பதில் தர முடியும். பேச்சை வளர்க்காமல் எழுத்தில் அனுப்பச் சொல்லி வைத்துவிடுங்கள். விலகிப்போன நண்பர்கள் இருவரையும் இந்தச் சனிக்கிழமை காட்பாடிக்கே வரவழைத்து, கரூசோவோ பாவரொட்டியோ, தட்டை ஓட்டி நேரிலேயே கேட்க வையுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு நண்பர்கள் உட்கார்ந்து கேட்பதற்கு யாரிடமும் எந்த அனுமதியும் தேவையில்லை.