தோளில் இருந்த குழந்தை – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

எகிப்திய மன்னன் அக்கெனதென் பற்றி அண்மையில் படித்தேன். பல தெய்வங்களை விலக்கி ஒரே இறைவனை மக்களுக்குக் காட்டிய அவனுடைய மதம், எகிப்தின் பழைய பெருந்தெய்வமான அமுனின் கோயில் பூசாரிகளின் சூழ்ச்சியால்தான் அழிந்ததா? மனைவி மக்களோடு அவன் கொஞ்சியிருக்கும் சிற்பங்களைப் பார்த்தால், இப்படி ஒருவனை மக்கள் எப்படிக் கைவிட்டார்கள் என்று மனம் கேட்கிறது.

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் சொல்லும் சிற்பங்களிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ள சுண்ணாம்புக்கல் பலகை ஒன்றில், அக்கெனதென் மூத்த மகள் மெரிதாதெனைத் தூக்கி முத்தமிடப் போகிறான். எதிரே அரசி நெஃபர்டிட்டியின் மடியில் ஒரு மகள், தோளில் ஏறி அவள் அணியைத் தொட்டு விளையாடும் இன்னொரு மகள். மேலே அவனுடைய ஒரே இறைவனான ஆத்தென் என்னும் சூரிய வட்டு. அதன் கதிர்கள் சிறு கைகளாக முடிகின்றன. உயிரின் குறியான அங்க்கை அக்கைகள் நீட்டுவது அரசன், அரசி ஆகிய இருவரின் மூக்கருகே மட்டுமே, குழந்தைகளுக்குக்கூட இல்லை.

இத்தகைய பலகைகள் பிரமுகர்களின் வீடுகளில் வழிபடப்பட்டவை என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்தப் பாசம் பொய் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் மகள் மெகெதாதென் இறந்தபோது பெற்றோர் அழுது நிற்கும் காட்சியை அவன் கட்டிய தலைநகரான அமர்னாவின் அரச கல்லறைச் சுவரில் காணலாம். ஆனால் இறைவனிடம் செல்லும் வழி அந்தக் குடும்பத்தின் வழியாக மட்டுமே இருந்தது. அமர்னாவின் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்களோ, மன்னனின் தலைநகருக்கு அருகிலேயே, பிரசவத்தையும் பிள்ளைகளையும் காக்கும் பெஸ், தாவெரெத் தெய்வங்களின் தாயத்துகளை விடாமல் வைத்திருந்தார்கள்.

அமுன் கோயில்கள் செல்வத்தையும் செல்வாக்கையும் இழந்தது உண்மை; பூசாரிகளுக்கு மனக்குறை இருந்திருக்கும். எனினும் மக்கள் மனத்தில் வேரூன்றிய ஒரு மதத்தைச் சூழ்ச்சியால் மட்டும் சில ஆண்டுகளுக்குள் துடைத்துவிட முடியாது. கி.மு. 1336 வாக்கில் அக்கெனதென் இறந்தான். அடுத்த சில ஆண்டுகளிலேயே, சிறுவனாகப் பட்டமேறிய துட்டன்காதென், பெயரில் இருந்த ஆத்தெனை விட்டு அமுனை ஏற்றுத் துட்டன்காமன் ஆனான், பழைய கோயில்கள் மீண்டும் திறக்கப்பட்டன.

பெர்லின் பலகையில் தாயின் தோளில் இருப்பவள் மூன்றாம் மகள் அங்கெசென்பாதென். அவள்தான் துட்டன்காமனை மணந்து, அங்கெசெனாமுன் என்று பெயர் மாற்றிக்கொண்டாள். அமுன் என்ற அந்தச் சொல்லைத்தான் அவள் தந்தை, ஆமென்ஹோதெப் என்ற தன் தகப்பனின் பெயரிலிருந்துகூட உளியால் கொத்தி எடுக்க வைத்திருந்தான்.