விசில் வாங்க முதல் விசாவை வாசியும்

தம்பி, மாணவர் விசாவில லண்டனுக்கு இப்பதான் வந்திருக்கிறீர். ஊரில மாவட்ட அணிக்கு உதைபந்தாட்டம் விளையாடினனீர். இஞ்ச சின்னப் பெடியளுக்குக் கோச்சிங் குடுத்துப் பிழைக்கலாமோ, வாடகை எப்பிடி, குளிர் எப்பிடி எண்டு கேக்கிறீர். ஆங்கிலேயரான கிறஹாம் பொட்டர் சுவீடனுக்குப் போய்த்தானே பெரிய கோச் ஆனவர் எண்டும் ஒரு நியாயம் வைச்சிருக்கிறீர்.

வாடகையையும் குளிரையும் விடும். அதை ஆரும் சொல்லுவினம், கேளாட்டியும் சொல்லுவினம்.

முதல் உம்மட விசா நிபந்தனையை எடுத்து வாசியும். பட்டப்படிப்புக்கு வந்தவை தவணைக் காலத்தில கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம் எண்டதை எல்லாரும் மனப்பாடம் செய்து வைச்சிருக்கினம். அதோட இன்னொண்டும் கிடக்கு: தொழில்முறை விளையாட்டு வீரராயோ விளையாட்டுப் பயிற்றுனராயோ வேலை செய்யக்கூடாது. கடையில நிக்கலாம், பார்சல் தூக்கலாம், பந்து பழக்கிச் சம்பளம் வாங்க ஏலாது. காசு வாங்காட்டிப் பிரச்சினை இல்லை எண்டு நினையாதையும். தொழில்முறை, அரைத் தொழில்முறைக் கழகங்களில சும்மா பழக்கினாலும் அந்த விதிக்குள்ளதான் வரும். படிச்சு முடிச்சு கிராஜுவேற் விசா எடுத்தாலும் விளையாட்டுத் தொழிலுக்குத் தடை இருக்கு. பொழுதுபோக்கா விளையாடும், அதை ஒருத்தரும் மறிக்கேல்லை. அதுக்கு மேல எதெண்டாலும் உம்மட பல்கலைக்கழகத்தில விசா பாக்கிற பகுதியிட்ட கேட்டுப்போட்டுச் செய்யும்.

உம்மைப்போல ஒரு பெடியன் வந்திட்டான் எண்டு கேள்விப்பட்டா, "கையில காசு தாறன் தம்பி, ஆருக்குத் தெரியப்போகுது" எண்டு ஒருத்தர் வருவார். எங்கட ஆள்தான், வேற ஆர்? அவரிட்ட பிரிட்டிஷ் பாஸ்போட் இருக்கு. பிடிபட்டா அவருக்குத் தண்டம், கட்டிப்போட்டு அடுத்த கிழமையும் கிறவுண்டில நிப்பார். நீர் பிளேனில நிப்பீர்.

இனி பொட்டரின்ர கதை. அவர் 2011இல சுவீடனில ஒஸ்டர்சுண்ட் எண்ட கழகத்துக்குப் போகேக்க இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள இருந்தது. ஆங்கிலேயர் ஒருத்தருக்கு சுவீடனில வேலை செய்ய விசாவே தேவையில்லை. இண்டைக்கு அவரே முதன்முதலாப் போறதெண்டாலும் அனுமதி எடுக்கவேணும். அதைவிட, விளையாடிக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில பட்டம் எடுத்த மனிசன் அவர். பிறகு தலைமைத்துவத்தில முதுமாணியும் படிச்சவர். போன இடம் நாலாம் பிரிவுக் கழகம், வடக்கில பனிக்குள்ள. உள்ளூர்ச் சனம் கழகத்தோட ஒட்டவேணும் எண்டு வீரர்களோட சேர்ந்து மேடையில பாலே நடனம் கூட ஆடினவர். எங்கட ஆக்களில எத்தினை கோச்மார் அதுக்குச் சம்மதிப்பினம்? 2015இல முதற்பிரிவுக்கு ஏறி, 2017இல சுவீடன் கிண்ணம் எடுத்து, 2018இல ஆர்சனலின்ர மைதானத்தில 2-1 எண்டு வெண்டினவை. முதல் ஆட்டத்தில 3-0 தோத்ததால, ரெண்டு ஆட்டக் கோலையும் கூட்டிப் பாக்கேக்க வெளிய போட்டினம், அது வேற. நீர் வெண்ட படத்தை மட்டும் பாத்திருக்கிறீர்.

நான் தொண்ணூறுகளின்ர கடைசியில வந்தனான். அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டு கிடந்தது. சனி இரவு பெற்றோல் ஷெட்டில நிண்டுபோட்டு, ஞாயிறு விடிய அப்பிடியே ஹக்னி மார்ஷஸுக்குப் போவன். எத்தினையோ கிறவுண்ட் பக்கம் பக்கமாக் கிடக்கும். ஒரு அணியில எனக்கு வலை கட்டிற வேலைதான் தந்தவை. ஒரு நாள் ஆள் காணாமத்தான் இறக்கினவங்கள். பிறகு வெளியில இருத்தேல்லை. வதிவிட அனுமதி கைக்கு வந்தாப் பிறகுதான் கோச்சிங் பக்கமே போனனான். பின்னணிச் சோதனை, சிறுவர் பாதுகாப்பு, முதலுதவி எல்லாம் முடிச்சுத்தான் பிள்ளையளுக்குக் கிட்டவே போகலாம். அது இல்லாமல் பழக்கிறவை இருந்தா அந்தப் பக்கம் போகாதையும்.

எங்களைப் பழக்கின மாஸ்டர் பூவரசம் கம்போட வருவார். அவர் கத்தினா ரோட்டில போற சைக்கிளும் நிக்கும். இஞ்ச கோர்ஸில எனக்கு முதல் பழக்கினதே வாயை மூடத்தான். பிள்ளை பிழையாப் பாஸ் அடிச்சா "ஏன் அங்க குடுத்தனி, வேற ஆர் நிண்டது?" எண்டு கேக்கவேணும், அது யோசிக்கும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்கவேணும். பாத்துக்கொண்டு நிக்கிறதுதான் கஷ்டம். நான் பழகிட்டன். கோட்டுக்கு வெளியில நிண்டு "அடியடா, அடியடா" எண்டு கத்திற எங்கட அப்பாமார் இன்னும் பழகேல்லை. அவைதான் சனிக்கிழமை ரியூஷன் எண்டு நல்ல பிள்ளையளைப் பாதியில கூட்டிக்கொண்டு போறதும். பழைய மாணவர் சங்கச் சுற்றுப்போட்டியளைப் பற்றி எழுத வெளிக்கிட்டா விடிஞ்சிடும். ஒரு கிண்ணத்துக்கு ரெண்டு சங்கமாப் பிரிஞ்ச கதையும் இருக்கு.

நீர் இப்ப செய்யக்கூடியது, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின்ர பிளேமேக்கர் எண்ட இணைய வகுப்பு. இலவசம். செய்து வையும். பிறகு யுவேஃபா சி, பி, ஏ, புரோ எண்டு கோச்மாருக்கான ஐரோப்பியச் சான்றிதழ்கள் படிப்படியா இருக்கு. மேல போகப்போகக் காசும் காலமும் கூடும். பட்டத்தை முடிச்சுக்கொள்ளும், விசா நிலைமை மாறட்டும், அதுக்குள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை அணியில சேர்ந்து விளையாடும். வலை கட்டச் சொன்னா, கட்டும்.